ஹோலோலென்ஸ் 2: பார்வைப் பரப்பு போதுமா?

ஹோலோலென்ஸ் என்பது எதிரே உள்ள நிஜக் காட்சியின் மேல் படங்களை மிதக்கவிடும், தலையில் அணியும் மைக்ரோசாஃப்ட் கண்ணாடி. 2016-இல் வந்த முதல் ஹோலோலென்ஸில் படம் தெரியும் பார்வைக் கோணம் மூலைக்கு மூலை சுமார் 34 டிகிரிதான். தபால்பெட்டித் துவாரம் வழியே எட்டிப் பார்த்தது போல. 2019-இல் வந்த இரண்டாவது மாடலில் அது 52 டிகிரி: அகலம் 43, உயரம் 29.

கையெட்டும் தூரமான 60 செ.மீ.யில் கணக்குப் போட்டால், முதலாவதில் படம் 32 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம், இரண்டாவதில் 47-க்கு 31. மேசைமேல் பம்ப் ஒன்றைப் பிரித்து வேலை பார்க்க இது தாராளம். ஆள் உயர இயந்திரம் என்றால் தலையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பரப்பு கூடியதற்கு விலை உண்டு. ஒளியைக் கடத்தும் கண்ணாடித் தகட்டுக்குள் குறிப்பிட்ட கோண வரம்புக்கு மேல் ஒளி நிற்காது. அதனால் படத்தை இடம், வலம் எனப் பிரித்து அனுப்பி, கண்ணுக்கு முன்னால் ஒட்டவைக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் வானவில் திட்டுகள் தெரிவது இந்த வகைத் தகட்டின் குணம். கறுப்புப் பின்னணியில் மெல்லிய கோடுகளாக வரைந்தால் பெரிதாக உறுத்தாது.

ஓரம் வெட்டுப்பட்டால் சாதனத்தைக் குறை சொல்லுமுன் நெற்றிப் பட்டையைச் சற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்பக்கத் திருகை இறுக்குங்கள். ஆள் மாறினால் கண் அளவீட்டை மறுபடி செய்யுங்கள்.

உயரம்தான் முக்கியமென்றால் இதே வகைக் கண்ணாடியான மேஜிக் லீப் 2: அகலம் 45, உயரம் 55 டிகிரி, அதே தூரத்தில் 62 செ.மீ. உயரம். ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி 2024-இல் நின்றுவிட்டது. பழையதாக வாங்குபவர்கள் பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள்.