மனித நடத்தையை விளக்கும் உளவியல் பார்வைகள்: எட்டு வார இணையவழி வகுப்பு குறித்த மதிப்புரை

மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்விக்கு உளவியலின் வெவ்வேறு பார்வைகள் தரும் விடைகளை அறிமுகப்படுத்தும் எட்டு வார இணையவழி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். இதே வரிசையில், இதே சோதனைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு நடக்கும் அறிமுக வகுப்புகள் பல இருப்பதாலும், நான் சொல்லவிருக்கும் குறைகள் அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும் என்பதாலும், வகுப்பின் பெயரைக் குறிப்பிடவில்லை. வாரத்துக்கு ஐந்தாறு காணொளிகள், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடத்துக்குள். வார இறுதியில் ஒரு வினாத்தொகுப்பு. இவற்றோடு வகுப்பு முழுவதும் தொடரும் குறிப்பேட்டுப் பயிற்சி ஒன்று. அந்தப் பயிற்சிக்காக மட்டுமே இந்த வகுப்பில் சேரலாம். ஆனால் பயிற்சி கற்றுத்தருவதை வகுப்பின் இறுதித் தேர்வு தலைகீழாக்கிவிடுகிறது என்பதே என் முக்கியமான மனக்குறை.

இரண்டாம் வாரத்தில், நம்மிடம் உள்ள ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுத்து, அது நிகழும்போதெல்லாம் அதற்கு முன் என்ன நடந்தது, நாம் என்ன செய்தோம், அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று மூன்று பத்திகளில் குறித்துவரச் சொல்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம். முதல் நாள் குறிப்பு இப்படி இருந்தது: இரவு 9.40, அறிக்கைக் கோப்பைத் திறந்தேன், 9.43, மூடினேன், 9.44, மேசையைத் துடைத்தேன். மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு நாள் கழித்து அதே வரிசை ஏழாவது முறையாக வந்தபோதுதான், கோப்பை மூடிய கணத்தில் நெஞ்சில் ஒரு சுமை இறங்கியதுபோல் இருந்தது என்பதைக் கவனித்து எழுதினேன். அடுத்தடுத்த வாரங்களில் இதே குறிப்புகளை ஒவ்வொரு பார்வையின் வழியாகவும் மறுபடி படிக்க வேண்டும். வகுப்பின் மிக நல்ல யோசனை இதுதான்.

நடத்தையியலுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு வாரங்களும் வகுப்பின் உச்சம். பாவ்லோவ் என்றால் மணி ஒலித்ததும் உமிழ்நீர் சுரக்கும் நாய் என்று நின்றுவிடாமல், அவர் 1904-இல் நோபல் பரிசு பெற்றது செரிமான ஆய்வுக்காகத்தான் என்பதையும், அவருடைய ஆய்வகத்தில் மெட்ரோனோம் என்ற தாளக்கருவி உள்ளிட்ட பலவகைத் தூண்டல்கள் பயன்பட்டன என்பதையும் சொல்லிவிட்டே மேலே செல்கிறார்கள். 1913-இல் வாட்சன், உளவியல் இனி மனத்துக்குள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய வேண்டும் என்று அறிவித்தது எத்தனை துணிச்சலான நிலைப்பாடு, அது எதை இழந்து எதைப் பெற்றது என்பதை நிதானமாக விளக்குகிறார்கள். 1920-இல் அவரும் ரேய்னரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் கண்டு அஞ்சக் கற்றுத்தந்த சோதனையை எல்லா வகுப்புகளும் சொல்லும். நான்கே ஆண்டுகளில் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனுக்கு, அவன் விரும்பி உண்ணும் நேரத்தில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கியதை இந்த வகுப்பு மறக்காமல் சொல்கிறது.

நடத்தையியலாளர் ஸ்கின்னரைப் பற்றிய காணொளியில் எதிர்மறை வலுவூட்டலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருப்பதைத் தனியே பாராட்ட வேண்டும். எதிர்மறை என்ற சொல்லைக் கேட்டதும் தண்டனை என்று எண்ணிக்கொள்கிறோம். தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கிறது, எதிர்மறை வலுவூட்டலோ வேண்டாத ஒன்றை விலக்குவதன் மூலம் அந்த நடத்தையை வளர்க்கிறது. கோப்பை மூடியதும் இறங்கிய சுமைக்கு எனக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது. என் சோம்பலுக்கு யாரும் பரிசு தரவில்லை. பதற்றம் விலகியதே பரிசாக அமைந்து, மறுநாளும் கோப்பை மூட வைத்தது. (பேசுபவர் இது தண்டனை அல்ல என்று வலியுறுத்திக்கொண்டிருக்கும்போது, கீழே ஓடிய தமிழ் எழுத்துவரி இரண்டு இடங்களில் தண்டனை என்றே மொழிபெயர்த்திருந்தது.) எந்தத் தூண்டலையும் எந்த எதிர்வினையோடும் பிணைத்துவிடலாம் என்ற நம்பிக்கையை 1966-இல் கார்சியாவும் கோலிங்கும் குலைத்த கதையோடு இப்பகுதி முடிகிறது: குமட்டல் கண்ட எலிகள் அதைச் சுவையோடு எளிதில் பிணைத்துக்கொண்டன, ஒளியோடும் ஒலியோடும் அல்ல; மின்னதிர்ச்சி பெற்ற எலிகளோ அதை ஒளியோடும் ஒலியோடும் பிணைத்துக்கொண்டன, சுவையோடு அல்ல. ஒரு பார்வையின் வலிமையைக் காட்டிவிட்டு அதன் எல்லையையும் சான்றோடு காட்டும் இந்த முறையை மற்ற வாரங்களிலும் பின்பற்றியிருக்கலாம்.

ஃபிராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வுக்கான வாரத்தில் அந்த முறையைப் பின்பற்றவில்லை. ஃபிராய்டைச் சிரிப்புக்குரிய முன்னோராக நிறுத்தி, கனவுகளைப் பற்றி இரண்டு வேடிக்கை சொல்லி, அவருடைய கருத்துகளைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்ற நியாயமான விமர்சனத்தோடு முடித்துவிடுகிறார்கள். விமர்சனத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் செயலுக்கு நாமே சொல்லும் காரணம் உண்மைக் காரணமாக இல்லாமல் போகலாம் என்ற கேள்வி ஃபிராய்டோடு புதைந்துவிடவில்லை. 1977-இல் நிஸ்பெட்டும் வில்சனும் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான நான்கு ஜோடி காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டபோது, இடது ஓரத்தில் இருந்ததைவிட வலது ஓரத்தில் இருந்ததை ஏறக்குறைய நான்கு மடங்குப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடம்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இது ஃபிராய்டு சொன்ன நனவிலி (நாம் அறியாத மனப்பகுதி) அல்ல. அடக்கப்பட்ட ஆசை எதுவும் இதில் இல்லை. ஆயினும் கேள்வி ஒன்றுதான். இந்தப் பாலத்தைக் கட்டாமல் விட்டதால், அந்த வாரப் பயிற்சியில் என் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நானாகவே, எந்த அறிக்கைகளைத் தள்ளிப்போடுகிறேன், யார் படிக்கப்போகும் அறிக்கைகளை உடனே முடிக்கிறேன் என்று பிரித்துப் பார்த்தேன். கண்டிப்பானவர்கள் என்று நான் நினைப்பவர்களுக்குப் போக வேண்டியவை மட்டுமே தேங்கியிருந்தன. வாரத்தின் காணொளி எதுவும் என்னை அங்கே கொண்டுபோய் விடவில்லை.

நடத்தையை எண்ணங்கள், நம்பிக்கைகள் வழியாக விளக்கும் அறிதல்சார் பார்வைக்கான வாரம் குறைசொல்ல முடியாதது, சற்றே உலர்ந்தது. பரிசு இல்லாதபோதும் எலிகள் புதிர்ப்பாதையின் வரைபடத்தை மனத்தில் உருவாக்கிக்கொள்கின்றன என்ற டோல்மனின் வாதம், மொழியை ஸ்கின்னர் விளக்கிய விதத்தை மொழியியலாளர் சோம்ஸ்கி 1959-இல் மறுத்தது, சலிப்பூட்டும் வேலையைச் சுவையானது என்று பிறரிடம் பொய் சொல்ல 20 டாலர் பெற்றவர்களைவிட 1 டாலர் பெற்றவர்களே அதைப் பின்னர் உண்மையாகவே சுவையானதாக மதிப்பிட்டார்கள் என்று அதே ஆண்டில் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் காட்டியது ஆகியவை முறையாக வந்துபோகின்றன. மனிதநேய உளவியலைப் பற்றிய பகுதி அரை வாரமே. அதிலும் மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு படம் திரையை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடு கிடையாது. அதை வரைந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். தேவைகள் படிப்படியாக, ஒன்று முழுமையாக நிறைவேறிய பிறகே அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை. படம் எளிதாக இருப்பதால் கருத்தும் அப்படியே எளிதாகிவிட்டது.

உயிரியல் பார்வையில் ஹெச்.எம். என்று பல்லாண்டு காலம் அறியப்பட்ட நோயாளியின் கதை மிக நன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வலிப்பைக் கட்டுப்படுத்த 1953-இல் மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அகற்றியதற்குப் பிறகு, அவரால் புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவத்தின் கோட்டைத் தொடர்ந்து வரையும் திறன் நாளுக்கு நாள் மேம்பட்டது, முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லாதபோதும். நினைவு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இதற்குப் பிறகு வரும் மூளைப் படங்கள்தான் ஏமாற்றம். குறிப்பிட்ட பகுதி செயல்படுகிறது என்று நிறமிட்டுக் காட்டுவதையே விளக்கம் என்று முன்வைக்கிறார்கள். எங்கே நிகழ்கிறது என்பதற்கும் ஏன் நிகழ்கிறது என்பதற்கும் இடையிலான தூரத்தை யாரும் பேசவில்லை.

சமூகப் பார்வை வாரம் பத்தாண்டுகளாகத் திருத்தப்படாததுபோல் தோன்றுகிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாகப் பங்கேற்பாளர்களை நம்பவைத்த மில்கிராமின் சோதனையில், 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றதைச் சொல்கிறார்கள். கட்டளையிடுபவர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் பேசியபோது அந்த விகிதம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சரிந்ததைச் சொல்லவில்லை. சூழல் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று கற்பிக்கும் வாரத்தில், சூழலை மாற்றி மாற்றிப் பார்த்த பகுதியையே விட்டுவிடுவது வினோதம். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971-இன் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைக் காவலர்கள் தாமாகவே கொடுமைக்காரர்களாக மாறிய கதையாகவே சொல்லுகிறார்கள். கடுமையாக நடந்துகொள்ளும்படி சோதனைக் குழுவினரே காவலர்களை ஊக்குவித்ததற்கு ஒலிப்பதிவுச் சான்று வெளிவந்துவிட்ட பிறகு, அதை மறைத்துக் கற்பிப்பது சரியல்ல. ஆர்னெட் 2008-இல் சுட்டிக்காட்டியபடி, முன்னணி உளவியல் ஆய்விதழ்களில் பங்கேற்பாளர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு, பண்பாட்டைப் பற்றிப் பேசும் வாரத்தில்கூட ஒரு வரி இல்லை.

இனி இறுதித் தேர்வு. ஐம்பது வினாக்களில் பெரும்பாலானவை, ஒரு நடத்தையைச் சொல்லிவிட்டு, இதை விளக்கும் சரியான பார்வை எது என்று நான்கு விடைகள் தருகின்றன. நாயைக் கண்டு ஒரு குழந்தை ஒதுங்குகிறது. முன்பு நாய் கடித்திருக்கிறது. வீட்டிலுள்ளவர்களும் நாயைக் கண்டால் பதறுகிறார்கள். எல்லா நாயும் கடிக்கும் என்று குழந்தை நம்புகிறது. நான் அறிதல்சார் பார்வை என்று குறித்தேன். நடத்தையியலே சரி என்று மதிப்பெண் மறுக்கப்பட்டது. வினாவிலேயே மூன்று பார்வைகளுக்கு இடம் வைத்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, இவை ஒன்றையொன்று வீழ்த்தப் போட்டியிடும் அணிகள் என்ற எண்ணத்தையே வளர்க்கும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டின்பெர்கன் 1963-லேயே, ஏன் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு கேள்விகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்: எந்த இயக்கத்தால் நிகழ்கிறது, வாழ்நாளில் எப்படி உருவாகிறது, பிழைத்திருக்க எதற்கு உதவுகிறது, பரிணாமத்தில் எப்படி வந்தது. ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டதால் மற்றவை தீர்ந்துவிடுவதில்லை. என் குறிப்பேட்டிலும் அப்படித்தான்: கோப்பை மூடும் பழக்கம் ஏன் நீடிக்கிறது என்பதற்கு ஸ்கின்னரிடம் விடை இருந்தது, பதற்றம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இல்லை. வினாவைச் சுட்டிக்காட்டி எழுதினேன். எங்கள் வகுப்பை விரும்பியதற்கு நன்றி என்று தானியங்கி மறுமொழி வந்தது.

சேர விரும்புபவர்கள் குறிப்பேட்டை முதல் நாளிலேயே தொடங்கிவிடுவது நல்லது. இரண்டாம் வாரம் வரை காத்திருக்கத் தேவையில்லை. சமூகப் பார்வை வாரத்தின் காணொளிகளை வேறு எங்காவது சரிபார்த்துக்கொண்டு பாருங்கள். தேர்வை எழுதாமலே விட்டுவிடலாம். சான்றிதழ் கிடைக்காது, அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை அந்த அறிக்கை ஆறாவது வாரத்தில் முடிந்து போய்ச்சேர்ந்தது. ஆனால் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்த பிறகும் மூன்று முறை மேசையைத் துடைத்திருக்கிறேன். மூன்றுக்கும் நேரம் குறித்திருக்கிறேன்.