விடுபட்ட மைல்களை யார் இணைப்பது? அமெரிக்கப் பொது நிலங்களில் நெடுந்தொலைவு மிதிவண்டித் தடங்களுக்கான சட்டவழிகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நிலத்தின் பெரும்பங்கு கூட்டரசுக்குச் சொந்தமானது. நெவாடாவில் மட்டும் அது ஏறத்தாழ 80 சதவீதம். இவ்வளவு நிலம் ஒரே உரிமையாளரிடம் இருந்தால் முந்நூறு மைல் சைக்கிள் பாதை அமைப்பது எளிது என்று தோன்றும். ஆனால் அந்த உரிமையாளருக்குள்ளேயே வனத்துறை, நில மேலாண்மைப் பணியகம், தேசியப் பூங்காத் துறை என்று பல நிர்வாகங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் உண்டு; நடுநடுவே மாநில நிலமும் தனியார் பண்ணையும் குறுக்கிடும். எனவே நெடுந்தடம் ஒன்றின் தலைவிதி அதன் நீளத்தால் அமைவதில்லை, நடுவில் அறுபட்டுக் கிடக்கும் ஐந்து மைலால்தான் அமைகிறது. இதற்காக முன்வைக்கப்பட்டுள்ள சட்டங்களையும் அந்த அறுபட்ட இடத்தில் அவை என்ன செய்கின்றன என்பதைக் கொண்டே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

இவற்றுள் புதியது, போல்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெடுந்தொலைவு மிதிவண்டித் தடச் சட்டம். கொலராடோவைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜோ நெகூஸ் முன்னெடுத்த இந்த மசோதா, வெளிப்புறப் பொழுதுபோக்கு தொடர்பான பல மசோதாக்களை ஒன்றாகத் தொகுத்த எக்ஸ்ப்ளோர் சட்டத்தில் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டு, 2025 ஜனவரி 4 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டதும் நடைமுறைக்கு வந்தது. பொது நிலங்களை நிர்வகிக்கும் உள்துறையும் வேளாண் துறையும் பதினெட்டு மாதங்களுக்குள், அதாவது 2026 ஜூலை தொடக்கத்திற்குள், ஏற்கெனவே உள்ள நெடுந்தடங்களில் குறைந்தது பத்தையும், புதிதாக அமைக்கவோ முழுமையாக்கவோ வாய்ப்புள்ள இடங்களில் குறைந்தது பத்தையும் அடையாளம் காண வேண்டும் என்கிறது அது. நெடுந்தடம் என்றால் குறைந்தது 80 மைல், அதாவது சுமார் 129 கிலோமீட்டர், தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பெரும்பகுதி மண் பாதையாக இருக்க வேண்டும். தேவைப்படும் இடத்தில் தார்ச்சாலை வழியாக இணைத்துக்கொள்ளலாம். வரைபடம் வெளியிடுவதற்கும் வழிகாட்டிப் பலகை நடுவதற்கும் அனுமதி உண்டு. நடப்பவர்களோடும் குதிரையேறிச் செல்பவர்களோடும் மோதல் வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் அது துறைகளைப் பணிக்கிறது.

இதில் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். தடம் போடுவதற்கென்று தனி நிதி இல்லை. இன்று சைக்கிளுக்கு மூடப்பட்டுள்ள எந்தப் பாதையும் இச்சட்டத்தால் திறக்கப்படாது. இரு அவைகளிலும் பெரிய எதிர்ப்பின்றி இது நிறைவேறியதற்கு இந்த அடக்கமே காரணம் என்று தோன்றுகிறது. ஆயினும் இதை வெறும் பட்டியல் என்று தள்ளிவிட மாட்டேன். இரண்டாவது பத்து, அதாவது முழுமையடையாத தடங்களின் பட்டியல், அறுபட்ட இடம் எது என்பதைக் கூட்டரசே எழுதி ஒப்புக்கொள்ளும் ஆவணம். நிதி கேட்டு மனுப்போடும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தன்னார்வக் குழுவுக்கும் அத்தகைய ஒரு வரி கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு.

இதற்கு மூத்த வழி, 1968 அக்டோபரில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தேசியத் தடங்கள் அமைப்புச் சட்டம். நாட்டின் கிழக்கிலும் மேற்கிலும் செல்லும் நெடும் நடைப்பாதைகளான அப்பலாச்சியன் தடமும் பசிபிக் கிரெஸ்ட் தடமும் அச்சட்டத்திலேயே பெயர் பெற்றவை. அதன்படி காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு தடத்தைப் பெயர் சொல்லி அறிவித்தால் அதற்கு நிர்வாகத் துறை, மேலாண்மைத் திட்டம், நிரந்தரத் தகுதி எல்லாம் கிடைக்கின்றன. போல்ட் தரும் அடையாளத்தைவிட இது பல மடங்கு வலுவானது. ஆனால் அந்த வலு சைக்கிளுக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 1983 திருத்தம் தடங்களில் அனுமதிக்கத்தக்க பயன்பாடுகளில் ஒன்றாக மிதிவண்டியையும் குறிப்பிட்டிருந்தும், மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 2,650 மைல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் தடத்தில் வனத்துறை 1988இல் பிறப்பித்த ஆணையால் சைக்கிள் தடைசெய்யப்பட்டது. அப்பலாச்சியன் தடத்திலும் வேறு பாதைகளோடு சேர்ந்து செல்லும் சில துண்டுகள் தவிர நிலைமை அதுவே. சட்டம் அனுமதித்ததை நிர்வாக ஆணை மூடிவிட்டது.

விதிவிலக்கு அரிசோனா தடம். மெக்சிகோ எல்லையில் தொடங்கி யூட்டா எல்லை வரை ஏறக்குறைய 800 மைல் செல்லும் இது 2009இல் தேசிய எழில் தடமாக அறிவிக்கப்பட்டது; வனாந்தரப் பகுதிகள், அதாவது இயற்கை நிலையிலேயே சட்டத்தால் காக்கப்படும் நிலங்கள், நீங்கலாக இதன் பெரும்பகுதியில் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் வடக்கே கிராண்ட் கேன்யன் வருகிறது. தேசியப் பூங்காவின் விதிப்படி அங்குள்ள மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டவும் கூடாது, உருட்டவும் கூடாது. ஆகவே முழுத் தடத்தையும் கடக்க விரும்புகிறவர்கள் சக்கரங்களைக் கழற்றி, சைக்கிளின் உடற்சட்டகத்தோடு சேர்த்து முதுகில் கட்டிக்கொண்டு, தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆறு வரை இறங்கி, மறுபக்கம் வடக்கு விளிம்புக்கு ஏறுகிறார்கள். இருபது மைலுக்கும் மேற்பட்ட அத்தூரத்தில் டயர் மண்ணைத் தொட்டால் விதிமீறல். தேசிய அந்தஸ்து பெற்ற தடத்திலேயே இதுதான் நிலை என்றால், அறுபட்ட இடத்தை அந்தஸ்து மூடிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நிலத்தையே காப்பாற்றிக் கொடுக்கும் வழி ஒன்றுதான் இருக்கிறது. அது மலையில் இல்லை, கைவிடப்பட்ட ரயில் பாதையில் இருக்கிறது. 1980க்குப் பிறகு ரயில் நிறுவனங்கள் லாபமற்ற கிளைப்பாதைகளை வேகமாகக் கைவிட்டபோது, 1983இல் காங்கிரஸ் அதே தேசியத் தடச் சட்டத்தைத் திருத்தி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. பாதையை நிறுவனம் முழுமையாகக் கைவிடுவதற்கு முன்பே மாநிலமோ உள்ளாட்சியோ தனியார் அமைப்போ அதன் வரியையும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு தடமாகப் பயன்படுத்தலாம்; பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் நிறுவனம் திரும்ப வரலாம். ரயில் திரும்ப வரக்கூடும் என்ற அந்த ஒரு வாய்ப்பு இருப்பதால், சட்டத்தின் பார்வையில் பாதை கைவிடப்படவில்லை. எனவே அது துண்டு துண்டாகப் பக்கத்து நில உரிமையாளர்களிடம் திரும்பிப் போவதில்லை. மிசௌரியின் கேட்டி தடம், சுமார் 240 மைல், இப்படித்தான் பிழைத்தது.

நில உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. வெர்மான்டிலிருந்து எழுந்த பிரெசோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் இச்சட்டம் செல்லும் என்றும், ஆனால் உரிமையாளர்கள் அரசிடம் இழப்பீடு கோரலாம் என்றும் தீர்ப்பளித்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது 2014இல் வயோமிங்கின் பிராண்ட் வழக்கு. அங்கே பாதை இந்த ஏற்பாட்டுக்குள் வராமல் முழுமையாகவே கைவிடப்பட்டிருந்தது. பொது நிலத்தில் ரயில் பாதை போட வழிகொடுத்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரயிலுக்குக் கிடைத்தது வழிச்செல்லும் உரிமை மட்டுமே, கைவிட்டதும் அது மறைந்துவிடுகிறது என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரு காலத்தில் கூட்டரசு கொடுத்த நிலமாக இருந்தாலும், உரிய நேரத்தில் மனுப்போடத் தவறினால் தொடர்ச்சி போய்விடும். இத்தடங்கள் ஏற்றம் அதிகமின்றி, ரயில் ஏறக்கூடிய சரிவிலேயே செல்வதால் மலைச் சைக்கிளோட்டிகளுக்குச் சலிப்பூட்டலாம். குடும்பத்தோடும் சுமையோடும் செல்பவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

நான்காவது வழி சர்ச்சைக்குரியது. 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் அப்பகுதிகளில் 'இயந்திரப் போக்குவரத்து' கூடாது என்கிறது. 1966இல் வனத்துறை வகுத்த விதி, உயிரற்ற ஆற்றலால் நகரும் வண்டிகளையே அவ்வாறு கருதியது. ஆனால் 1984இல் அத்துறை சைக்கிளையும் பெயர் சொல்லியே விலக்கியது. இந்தத் தடையைத் தளர்த்தி, உள்ளூர் நில அதிகாரிகளே முடிவெடுக்கட்டும் என்று யூட்டாவின் செனட்டர் மைக் லீ மசோதா கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையில் கலிபோர்னியாவின் டாம் மெக்ளின்டாக் 2017இல் இதே நோக்கில் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டும் சட்டமாகவில்லை. சைக்கிளோட்டிகளின் மனக்குறைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டென்வரிலிருந்து துராங்கோ வரையிலான 567 மைல் கொலராடோ தடத்தில் ஆறு வனாந்தரப் பகுதிகளை அவர்கள் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்றான லாஸ்ட் கிரீக்கைச் சுற்றும் வழி பெரும்பாலும் சாலைதான். ஐடஹோவின் போல்டர்–வைட் கிளவுட்ஸ் மலைப்பகுதி 2015இல் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டபோது, அதுவரை ஓட்டிவந்த பாதைகளையே இழந்தார்கள். அப்படியிருந்தும் நாட்டின் முதன்மையான மலைச் சைக்கிள் சங்கம் அந்த மசோதாக்களை ஆதரிக்கவில்லை. அவர்கள் செய்தது சரி என்பேன். அறுபட்ட இடத்தை நேரடியாகத் தைக்கும் சட்டம் இது ஒன்றுதான் என்றாலும், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளைப் பகைத்துக்கொண்டு பெறும் அந்த வழி, நாளை புதிய தடம் எதற்கும் ஆதரவு கேட்கப் போகும்போது கதவை மூடிவிடும்.

சட்டமே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று, அட்வென்ச்சர் சைக்கிளிங் சங்கம் 1990களில் வரைந்த கிரேட் டிவைட் மலைச் சைக்கிள் வழி. ராக்கி மலைத்தொடரை ஒட்டி நியூ மெக்சிகோவின் ஆன்ட்லோப் வெல்ஸ் வரை செல்லும் அது, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த வனச் சாலைகளையும் மாவட்ட மண் சாலைகளையும் கோத்த வரைபடம்; காங்கிரஸ் அதற்காக ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் சாலையாக இருப்பதால்தான் அது திறந்திருக்கிறது. சாலை இல்லாத மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை வேண்டும் என்றால் அந்த உத்தி அங்கேயே நின்றுவிடும்.

ஆக, என் தேர்வு ஊரைப் பொறுத்தது. சமவெளியில் ரயில் பாதை மூடப்படும் செய்தி வந்தால், மற்ற எதற்கும் காத்திராமல் 1983 ஏற்பாட்டின்படி உடனே மனுப்போட வேண்டும். மேற்கு மலைகளில் போல்ட் பட்டியலே நடைமுறைக்கு உகந்தது. அதில் எந்தத் தடம் இடம்பெற்றது என்பதைவிட, எந்த நிர்வாக எல்லையில் எத்தனை மைல் விடுபட்டிருக்கிறது என்று துறைகள் வெளிப்படையாகக் குறித்திருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.