ஒற்றை வரிக்குப் பதில் எது: விளக்கமா, சிட்டையா?

"ஆயிரம் ரூபா வந்தா எல்லாம் சரியாயிரும்." 2021 தொடக்கத்தில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் இதைக் கேட்காத நாளில்லை. நாள் சம்பளம் ஆயிரம் என்ற கோரிக்கை நியாயம்தான். 'எல்லாம்' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. மறுக்க இரண்டு வழியும் பார்த்தேன்.

முதலாவது, முழு விளக்கம். தொழிற்சங்கங்களும் கம்பெனிகளும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்றார்கள். அடிப்படைச் சம்பளம் 500 தான். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. மேடையில் '730' என்று சொல்ல ஒரு நொடி. அதைப் பிரித்துச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம். பாதியிலேயே பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "அப்ப சம்பளம் கூட வேணாங்கிறியா தம்பி?" அதோடு நான் கம்பெனி ஆளாகிவிட்டேன். அந்த ஒரு வரிக்குள் அவருடைய அட்டைக்கடியும் நகைக் கடை அடகும் இருந்தன. என் கணக்கில் அவர் இல்லை.

இரண்டாவது, சம்பளச் சிட்டை, அதாவது மாதச் சம்பளக் கணக்குத் துண்டு. இப்போது நான் இந்தப் பக்கம்தான். "மாமா, போன மாசம் எத்தனை பேர் விழுந்துச்சு?" (பேர் என்றால் ஒரு நாள் சம்பளப் பதிவு.) சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து சிட்டையை எடுத்தார். 25. "இப்ப அடிப்படை 700 படி 17,500. ஆயிரமாக்கிட்டு 17 நாள்தான் வேலை குடுத்தா?" விரலை மடக்கி எண்ணி, "500 கொறையுதே" என்றார். நான் எதையும் மறுக்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒன்றே: நான் வீட்டுக்குப் போன பிறகு அதை யார் சுமப்பது? விளக்கத்தை நானே கூடப்போய்த் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கேள்வியை மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அத்தை ஒருவர், நான் இல்லாமலே, இன்னொருவரிடம் கேட்டிருக்கிறார். அந்த மார்ச்சில் அடிப்படை 900உம் கொடுப்பனவு 100உமாக ஆயிரம் வந்தது. அப்புறம் பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டியதும் வேலை நாள் குறைந்ததும்தான் சண்டை.

காணி விசயத்தில் இது பலிக்குமா, தெரியாது. வீடு கட்ட 'ஏழு பேர்ச்சஸ் (நில அளவு) கிடைச்சாப் போதும்' என்பவரிடம் எடுத்துக்காட்ட என்னிடம் சிட்டை இல்லை. தெரியாதவர் கூட்டத்திலும் நான் முயன்றதில்லை.

ஒரு குறையும் உண்டு. ஒரு வாரத்தில் என் கேள்வியே "சம்பளம் கூடினா வேலை கொறையும்" என்று சுருங்கி, தோட்ட ஆபிஸ் பக்கத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது.