கை கொடுத்தாரா, கழுத்தறுத்தாரா? பெங்களூரில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி

தமிழில் பேசினால் கன்னடத்தில் சொல்லும் இலவசச் செயலி இது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் பேரம் பேசவும், அல்சூருக்குள் ஆட்டோவுக்கு வழி சொல்லவும் தாராளமாகப் போதும். எண்கள், கிழமைகள், வாடகைக் கணக்கு எதிலும் பிசகு இல்லை.

உருவகம் வந்தால்தான் வம்பு. இரண்டும் பக்கத்து மொழிகள் என்பதே பெரிய பொறி. வீட்டு ஓனருக்கு நன்றி சொல்ல, "கஷ்டத்துல நீங்கதான் சார் கை கொடுத்தீங்க" என்று சொல்லிப் பாருங்கள். செயலி 'கை கொட்டிரி' என்கிறது. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் கன்னடத்தில் அதற்கு 'நடுத்தெருவில் விட்டீர்கள்' என்று பொருள்! மழை கை கொடுத்தால் நம் ஊரில் விளைச்சல். அங்கே அதே சொல்லுக்குப் பயிர் கருகிவிட்டது என்று அர்த்தம். உதவியைச் சொல்ல அவர்கள் கையைக் கொடுப்பதில்லை, பிடிக்கிறார்கள்: 'கை ஹிடி'.

அடுத்த சிக்கல் மைக். பேச்சில் சற்று இடைவெளி விட்டாலே அதுவரை சொன்னதைத் தனி வாக்கியமாக எடுத்துக்கொள்கிறது. முன்னால் சொன்னது அதற்கு நினைவில்லை. "காது குத்துறான்" என்று மட்டும் கேட்டால் பொய் சொல்கிறானா, குழந்தைக்குத் தோடு போடுகிறானா என்று மனிதருக்கே தெரியாதே. 1978-இல் உளவியலாளர் ஆர்டோனியும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள்: முன்கதை ஓரிரு வரியாக இருந்தபோது, நேர்ப்பொருளில் சொன்னதைவிட உருவகத்தைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடித்தது, முன்கதை நீண்டபோது அந்த வித்தியாசம் மறைந்தது. ஆகவே மைக்கை விட்டுவிட்டு எழுத்துப் பெட்டிக்குப் போங்கள். முந்தைய இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து ஒரே பத்தியாகத் தட்டச்சு செய்யுங்கள். 'பணம் தர்றேன்னு மூணு மாசமா இழுக்கிறான், சும்மா காது குத்துறான்' என்று கொடுத்தால் பொய் என்றே மாற்றுகிறது. 'பல்பு வாங்கினேன்' மட்டும் எவ்வளவு முன்கதை கொடுத்தாலும் எலக்ட்ரிக் கடைக்கே போகிறது. புதுக் கொச்சை, பாவம்.

"வயிறு எரியுது" இன்னும் நுட்பமானது. டாக்டரிடம் அது நோய். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொன்னால் ஆற்றாமை. பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்துச் சொன்னால் பொறாமை. செயலி மூன்றுக்கும் பொறாமையைக் குறிக்கும் 'ஹொட்டெகிச்சு' என்ற சொல்லையே நீட்டுகிறது. ஆஸ்பத்திரிக்கு இதை நம்பிப் போகாதீர்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். வந்த கன்னடத்தை மறுபடி தமிழாக்கிச் சரிபார்க்கும் வழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது பலிக்காது: 'கை கொட்டிரி' திரும்பி வரும்போது 'கை கொடுத்தீர்கள்' என்றே அழகாக வந்து நிற்கும். 'உதவி செஞ்சீங்க' என்று தமிழிலேயே மாற்றிவிட்டு உள்ளே கொடுங்கள். 'சகாய மாடிதிரி' என்று வரும், ஓனர் முகமும் மாறாது.