லோக்கல் சர்வர் போட்டுத் தர்றோம்னு ₹6,800 வாங்கினாங்க, டேட்டாவும் போச்சு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அண்ணன் நடத்தும் டியூஷன் சென்டருக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதில் ஓடிய ஃபீஸ் சாஃப்ட்வேரைப் புதியதுக்கு மாற்றி, லோக்கல் சர்வரும் (அந்த சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடவைக்கும் அமைப்பு) போட்டுத் தருவதாக விற்ற கடையே ஏற்றுக்கொண்டது. ₹6,800. பில்லில் அதில் ₹3,500 ‘சர்வர் லைசென்ஸ்’. போட்டது என்ன? ஸாம்ப் (XAMPP)! அப்பாச்சி என்ற வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி மொழி எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. 2002-ல் வந்த நாளிலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் டவுன்லோட் செய்துகொள்ளும் ஸாம்ப். அதற்கு லைசென்ஸ் கீ என்று ஒன்று கிடையவே கிடையாது. இப்படி மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வந்த பையன் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (இதே கம்ப்யூட்டரின் முகவரி) என்று அடித்தான். சென்டர் பெயர், லோகோ எல்லாவற்றோடும் லாகின் பக்கம் வந்து நின்றது. “பாருங்க சார், பழையபடியே இருக்கு.” அண்ணன் அங்கேயே மொத்தப் பணத்தையும் போனில் அனுப்பிவிட்டார். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்ச் என்று கையோடு எடுத்துப்போனார்கள்.

அந்த லாகின் பக்கம் வெறும் பிஎச்பி ஃபைல். பக்கங்கள் இருக்கும் ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டரைக் காப்பியடித்தாலே அது திரையில் வந்துவிடும். பின்னால் டேட்டாபேஸ் இருக்கிறதா என்பது பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனால்தான் தெரியும். பையன் பாஸ்வேர்ட் கட்டத்தைத் தொடவே இல்லை.

மறுநாள் அப்பாச்சியே ஸ்டார்ட் ஆகவில்லை. போன் செய்தால் “ஆன்டிவைரஸ் தடுக்குது சார், ஆஃப் பண்ணுங்க”. ஆன்டிவைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த புரோகிராம் எந்தப் போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்) பிடித்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைக் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் போட்டுப் பார்த்தேன். அப்பாச்சிக்கு வேண்டிய 80-ஆம் போர்ட்டைப் பிடித்திருந்தது பிஐடி (புரோகிராம் எண்) 4, அதாவது விண்டோஸின் சிஸ்டம். விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ்-ஐ எதற்கோ ஆன் செய்துவிட்டு, காட்டும்போது மட்டும் கையால் நிறுத்தியிருக்கிறார்கள். சர்வீஸஸில் அதன் ‘வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங்’ ஆட்டோமேட்டிக்கிலேயே கிடந்தது, ரீஸ்டார்ட் ஆனதும் போர்ட்டைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. டிஸேபிள் செய்தேன், அப்பாச்சி எழுந்தது. ஐஐஎஸ் வேண்டுமென்பவர்கள் அப்பாச்சியின் செட்டிங் ஃபைலான ஹெச்டிடிபிடி கான்ஃபில் லிஸன் 80-ஐ 8080 ஆக்கி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 8080 சேர்த்தால் போதும்.

பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனால் ‘அன்னோன் டேட்டாபேஸ்’, அப்படி ஒரு டேட்டாபேஸே இல்லையாம். இரண்டு வருட ஃபீஸ் கணக்கு! “டேட்டா உங்க பொறுப்பு சார், பில் பின்னாடி போட்டிருக்கே” என்றார்கள். கத்திய பிறகு ஒரு பென்டிரைவ் வந்தது. அதில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் டேட்டா ஃபோல்டருக்குள் இருந்த ஒரே ஒரு சப்-ஃபோல்டர். போட்டால், டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மினில் டேபிள் பெயரெல்லாம் வரிசையாகத் தெரிகிறது, எதைத் தொட்டாலும் 1932 எரர், அதாவது டேபிள் உள்ளே இல்லை. இன்னோடிபி என்ற வகை டேபிள்களின் விவரம் ஐபிடேட்டா1 என்ற ஃபைலில் இருக்கும். அது சப்-ஃபோல்டரில் இல்லை, ஒரு படி வெளியே இருக்கிறது. அதை எடுக்கவில்லை. “பழைய ஹார்ட் டிஸ்கையாவது கொடுங்க” என்று கேட்டால் ஃபார்மேட் அடித்து விற்றாயிற்றாம். முறையாக எக்ஸ்போர்ட் கொடுத்து மொத்த டேட்டாவையும் ஒரு எஸ்க்யூஎல் ஃபைலாக எடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. இதற்கா ₹6,800?

அதன்பிறகு “இன்ஜினியர் லீவு”, “ஓனர் வெளியூர்”, “உங்க சாஃப்ட்வேரே பழசு சார்”. ₹6,800-ல் பாதியாவது கேட்டதற்கு “சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் இல்ல” என்று போனை வைத்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தாயிற்று.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை, இதை மட்டும் பாருங்கள். உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு, பழைய ரசீது ஒன்றைத் திறந்து பார்க்காமல் பணம் தராதீர்கள். அவர்கள் இருக்கும்போதே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பழைய டிஸ்க் ஒரு மாதமாவது உங்களிடமே இருக்கட்டும். ஸாம்ப்பில் டேட்டாபேஸின் ரூட் (முழு அதிகாரம் உள்ள) யூசருக்குப் பாஸ்வேர்டே இருக்காது, வைத்துவிடுங்கள். ‘சர்வர் லைசென்ஸ்’ என்று பில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பென்டிரைவில் ஒவ்வொரு டேபிளின் டேட்டாவும் இருக்கும் ஐபிடி ஃபைல்கள் மிச்சம் இருக்கின்றன. டேபிளை அதே அமைப்பில் புதிதாக உருவாக்கி, டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ் (புது டேபிளின் காலி ஃபைலை நீக்கும் கட்டளை), இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ் (பழைய ஃபைலை அங்கே சேர்க்கும் கட்டளை) என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன். ஃபீஸ் டேபிள் மட்டும் வந்தால்கூடப் போதும்.