வேலூரில் 'குழந்தைகள் பாரம்பரியச் சுற்றுலா' என்று பணம் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள்

கோடை லீவு விட்டதிலிருந்து சத்துவாச்சாரி, காந்தி நகர், காட்பாடி பக்கத்து அம்மாக்கள் வாட்ஸப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலூர் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், அருங்காட்சியகம், ஸ்ரீபுரம் தங்கக் கோயில், அமிர்தி பூங்கா, ராத்திரி காவலூரில் தொலைநோக்கியில் நட்சத்திரம். எல்லாம் ஒரே நாளில். ஏசி வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் உட்பட. பெரியவருக்கு 1,200 ரூபாய், பிள்ளைக்கு 900. நாங்கள் வீட்டோடு போய் வந்தோம். பெயர் போட முடியாது, போட்டால் நம் மேலேயே கேஸ் என்பார்கள். ஆனால் போஸ்டரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

முதலில் வண்டி. ஏசி வேன் என்றார்கள். வந்தது வெள்ளை போர்டு வேன். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் போர்டு இருக்கணும், பர்மிட் இருக்கணும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்க அது ஒன்றே போதும். டிரைவரிடம் கேட்டதற்கு, "நம்ம ஓனர் வண்டிதான் மேடம், ஒண்ணும் ஆவாது" என்றார். பிள்ளைகளை மூன்று பேர் சீட்டில் நான்கு பேராக நெருக்கி உட்கார வைத்தார்கள். ஏசி கணியம்பாடி தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம்கூட சகித்துக்கொள்ளலாம். என்னால் சகிக்க முடியாதது கோட்டையில் நடந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கெல்லாம் வார விடுமுறை அன்றைக்குத்தான், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமையும் கிடையாது. வருஷக்கணக்காக இருக்கிற நடைமுறை. சுற்றுலா நடத்துகிறவருக்கு இது தெரியாதா? பூட்டிய கதவின் முன் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோதான் இப்போது புதிய போஸ்டரில் இருக்கிறது.

வழிகாட்டி என்று வந்தவர் இருபது வயதுத் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரை அனுப்பியவர் மேல்தான். போனைப் பார்த்துப் பார்த்து, "இந்தக் கோட்டையைக் கட்டினது திப்பு சுல்தான்" என்று ஆரம்பித்தார். ஏழாவது படிக்கும் ஒரு பையன் உடனே, "அண்ணா, திப்பு குடும்பத்தைத்தானே இங்க அடைச்சு வச்சிருந்தாங்க?" என்று கேட்டான். தம்பி விழித்தார். பையன் சொன்னதுதான் சரி. கோட்டை விஜயநகரக் காலத்தது, 16-ஆம் நூற்றாண்டு, சின்ன பொம்மி நாயக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். திப்பு 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்த பிறகுதான் அவர் குடும்பத்தை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இலங்கையில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கேதான் சிறையிருந்து 1832-இல் இறந்தான், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவனுக்காகத்தான்.

அந்தப் பையன் விடவில்லை, 1806 பற்றிக் கேட்டான். ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்த அதே மண்ணில் நின்றுகொண்டிருந்தோம். நெற்றியில் திருநீறு நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலையில் புதுத் தொப்பி போடணும் என்ற உத்தரவில் பற்றிய நெருப்பு அது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு ஐம்பது வருஷம் முன்னால் நடந்தது என்று சொன்னால் பிள்ளைகள் கண் விரியும். தம்பி, "அது புக்ல இருக்கும் தம்பி" என்றார். மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்கிறது. வேன் அதைச் சுற்றித்தான் போனது, ஒரு நிமிஷம் நிறுத்தவில்லை.

ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கால் மணி நேரம். கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைக் காட்டாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிவர எப்படி மனசு வந்ததோ. பல தலைமுறை மூலவரே இல்லாமல் வெறுமனே கிடந்த கோயில், 1981-இல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். என் மாமியார் அந்தக் காலத்தைப் பார்த்தவர். அவர்தான் வேனில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னார். ஆக வழிகாட்டிச் செலவும் எங்களுடையதே.

அடுத்து ஸ்ரீபுரம். பொது தரிசனத்துக்கு அங்கே காசு கிடையாது. வேனிலேயே, "கூட்டம் ஜாஸ்தி, சிறப்பு தரிசனம் போட்டுடலாம்" என்று தலைக்கு 150 வசூல் பண்ணினார்கள். பிறகு எங்களை நிறுத்தியது பொது வரிசையில். டிக்கெட் எங்கே என்றால், "ஆன்லைன்ல போட்டிருக்கு மேடம்". இன்னொன்று, அரை டிராயர் போட்டிருந்தால் அங்கே உள்ளே விடமாட்டார்கள், செல்போனும் வெளியே வைத்துவிட்டுத்தான் போகணும். போஸ்டரில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டிராயர் போட்ட இரண்டு பையன்களுக்கு வெளியே கடையில் வேட்டி வாங்கிக் கட்டிவிட்டோம். அந்தக் கடைக்கு எங்களைக் கூட்டிப் போனது டிரைவர்தான், காரணம் உங்களுக்கே புரியும். நட்சத்திர வடிவ நடைபாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும், அவர்களில் சின்னவன் அவிழும் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தான்.

சாப்பாட்டுக்கு 'வாழை இலையில் சைவச் சாப்பாடு' என்று போட்டிருந்தார்கள். கொடுத்தது பொட்டலம். காலையில் கட்டி, வேன் பின்னால் வெயிலில் வைத்திருந்த சாம்பார் சாதம். பிரித்ததும் புளித்த வாடை, கரண்டியில் எடுத்தால் நூல் விட்டது. என் மகளிடமிருந்து பிடுங்கி மூடிவைத்தேன். ஒரு குழந்தை அதற்குள் நாலு வாய் சாப்பிட்டிருந்தது, அமிர்தி போவதற்குள் இரண்டு தடவை வாந்தி. மாற்று ஏற்பாடு கேட்டதற்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வந்தது.

அமிர்தியில் சொல்ல அதிகம் இல்லை. போஸ்டரில் கொட்டுகிற அருவி, நேரில் காய்ந்த பாறை. மழைக்குப் பிறகு வந்தால்தான் அங்கே தண்ணீர். பூங்கா டிக்கெட்டை எங்களையே எடுக்கச் சொன்னார்கள், 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று போட்ட பிறகும். யோசித்துப் பாருங்கள், கோட்டைக்குள் போகக் காசு இல்லை, கோயிலுக்கு இல்லை, அருங்காட்சியகம் மூடல். பிறகு எந்தக் கட்டணத்தை உட்படுத்தினார்கள்?

காவலூருக்காகத்தான் என் மகள் வந்தாள். ஒடுகத்தூர், ஆலங்காயம் என்று மலைப்பாதையில் இருட்டில் போய்ச் சேர்ந்தோம். வைணு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து இருக்கிறது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977-இல் கண்டுபிடித்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட் மூடியிருந்தது. காவலாளி பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இல்லம்மா, சனிக்கிழமைதான் வுடுவாங்க. யாரு கூட்டியாந்தது ஒங்கள?" என்றார். பொதுமக்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில்தான் காட்டுவார்கள், அதுவும் வானம் தெளிவாக இருந்தால் என்றும் அவர்தான் பொறுமையாகச் சொன்னார்.

ஓனருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "மேகமா இருக்கும் மேடம், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன், ஒரு துணுக்கு மேகம் இல்லை. சப்தரிஷி மண்டலம் ஏழும் எண்ணுகிற மாதிரி நின்றது.

பணம் திருப்பிக் கேட்டதற்கு முதலில் "ஆபீஸ்ல பேசறேன்", பிறகு "ரீஃபண்ட் கிடையாதுன்னு போட்டிருக்கோமே", பிறகு என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஜிபே போனது ஒரு தனி ஆள் பெயருக்கு. பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, ஆபீஸ் என்று சொன்ன முகவரியில் ஜெராக்ஸ் கடை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போகணும் என்றால் இந்த இடங்களை நீங்களே பார்க்கலாம். இரண்டாம் சனி அல்லாத ஒரு சனிக்கிழமை, காலை வெயில் ஏறும் முன் கோட்டை, கோயில், பிறகு அருங்காட்சியகம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் விரிஞ்சிபுரம். மதில் அழகு என்று பேர் வாங்கிய மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது, குச்சியை வைத்து நிழல் எந்த எண்ணில் விழுகிறது என்று பார்க்கலாம். வெயில் இறங்குவதற்குள் போங்கள், நிழல் வேணும். காவலூரை இதோடு சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு சனிக்கிழமை, போகும் முன் போன் செய்து கேட்டுவிட்டு.

அன்று எங்களோடு வேனில் வந்த குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், ஜிபே ரசீதையும் பழைய போஸ்டரையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்கள் போஸ்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தகவல் சொன்னால் எல்லார் பெயரையும் சேர்த்து ஒரே புகாராகக் கொடுத்துவிடலாம்.