வாட்டர் பம்ப்: ஒரிஜினலா, மேக்கா, லோக்கலா, கிட்டா? நாலும் மாட்டிப் பாத்தாச்சு

களக்காட்டுல வாழைத்தார் ஏத்திக்கிட்டு செங்கோட்டை வழியா புனலூர் போற பிக்கப் என்னோடது, வாரத்துக்கு மூணு நடை. புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போதுதான் இன்ஜின் சூட்டைத் தணிக்க தண்ணிய ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் சுத்த விடுற வாட்டர் பம்ப் யோக்கியமா இல்லையான்னு தெரியும், ஏன்னா முழு லோடு, ஏத்தம், ரெண்டாவது கியர், முன்னாடி போறது கேரளா லாரி, ரேடியேட்டருக்கு காத்தே கெடைக்காது. நாங்குநேரி ரோட்டுல எழுபதுல போறப்போ எந்தப் பம்ப்பும் நல்ல பம்ப்தான்.

இந்த வண்டியில நாலு வகையும் மாட்டியாச்சு: வண்டிக் கம்பெனி ஒரிஜினல், ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி சொந்தப் பேர்ல விக்கிற மேக், பேரு தெரியாத லோக்கல், பழைய பாடிக்கே போடுற கிட். அதனால கடைக்காரர் சொன்னதையோ அட்டையில போட்டிருக்கதையோ சொல்லல, கழட்டிப் பாத்ததை சொல்லுதேன்.

மொத மொத வண்டியோட வந்த பம்ப் ஒழுக ஆரம்பிச்சப்போ நம்ம புத்தி லோக்கலுக்குத்தான் போச்சு. பேரு தெரியாத கம்பெனி, மஞ்சள் அட்டை, கடையில சொன்ன விலை ஒரிஜினலுக்கு மூணுல ஒரு பங்கு. "அண்ணாச்சி, எல்லாம் ஒரே சரக்குதான், அட்டைக்குத்தான் காசு"ன்னாரு, நானும் தலைய ஆட்டிட்டு வாங்கிட்டேன். நாலு மாசம். அஞ்சாவது மாசம் தென்மலை எறக்கத்துல கீச்சு கீச்சுன்னு குருவி கத்துற மாதிரி சத்தம், நிப்பாட்டி பானட்டைத் தூக்குனா பேன் காத்துல கூலன்ட் சிதறி ரேடியேட்டர் பூரா பச்சை பச்சையா கெடக்கு.

கழட்டிட்டு வண்டியோட வந்த பழைய பம்ப்பையும் இதையும் பேப்பர் விரிச்சு பக்கத்துல பக்கத்துல வச்சோம். பழசுல இம்பெல்லர், அதான் உள்ள சுத்தி தண்ணியத் தள்ளுற சக்கரம், வார்ப்பு, கைக்கு கனமா இருக்கு, இதழ் ஒவ்வொண்ணும் வளைஞ்சு தண்ணிய ஏந்துற மாதிரி நிக்குது. புதுசுல தகரத்தை வெட்டி மடக்குன மாதிரி மெல்லிசா ஆறு இதழ், ஓரமெல்லாம் செல்லரிச்ச புஸ்தகம் மாதிரி அரிச்சு கெடக்கு. பழசுல இதழுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு போஸ்ட் கார்டு நுழையிற சந்துதான், புதுசுல சுண்டு விரல் நகமே போவுது. அம்புட்டு சந்து இருந்தா தண்ணி முன்னாடி போகாம அங்கனயே சுத்தும், ஐடில்ல ஒண்ணும் தெரியாது, ஏத்தத்துல சூடு காட்டுற முள்ளு ஏறும். நாலு மாசமா அந்த முள்ளு பாதிக்கு மேல நின்னுதே, வெயில்னு நெனச்சிட்டேன், கூறு கெட்டவன்.

அந்த அரிப்பு துரு மட்டும் இல்ல. இம்பெல்லர் நடுவுல தண்ணிய உறிஞ்சுற எடத்துல அழுத்தம் குறையும், அங்க குமிழி உண்டாகி ஓரத்துக்கு வந்து வெடிக்கும், ஒவ்வொரு வெடியும் ஒரு துளி இரும்பைப் பேத்துரும். ரேடியேட்டர் மூடி பிரஷர் பிடிக்கலேன்னா இது இன்னும் மோசம். பம்ப் மாத்தும்போது பழைய மூடிய திருப்பி மாட்டாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான், பம்ப் விலையில அது ஒரு சின்னக் காசு.

அப்புறம் கிட். அதாவது பழைய பாடிய வச்சிக்கிட்டு பேரிங், தண்ணி கசியாம அடைக்கிற சீல் மட்டும் புதுசு போடுறது. லோக்கல்ல பட்ட சூட்டுல, நம்ம பழைய பாடி நல்லாத்தான இருக்குன்னு லேத்து பட்டறைக்கு தூக்கிட்டு போனேன். செலவு லோக்கலை விட கம்மி. இது பட்டறைக்காரரைப் பொறுத்த விஷயம்லே, கிட்டைப் பொறுத்தது இல்ல. பேரிங்கை பிரஸ்ஸுல வச்சு ஒரே அழுத்துல எறக்கணும், சுத்தியல்ல தட்டுனா அன்னைக்கே உள்ள உருண்டை தழும்பாயிரும், சீல்ல இருக்க பீங்கான் வளையம் கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட்டுரும். எனக்கு தட்டித்தான் குடுத்தாவ. பதினொரு மாசம் ஓடுச்சு, அதுக்கே சந்தோசப்பட்டுக்கிட்டேன். ஆனா பழைய அம்பாசடர், பழைய டிராக்டர், புது பம்ப்பே கெடைக்காத வண்டி வச்சிருக்கவங்களுக்கு இதுதான் வழி, வார்ப்பு பாடி கெட்டியா இருக்கும், பத்து தடவை கூட கிட் போடலாம். அலுமினிய பாடியில ரெண்டாவது தடவையே பேரிங் எடம் லூசாயிரும்.

காயலான் கடையில பழைய பம்ப் எடுக்கிறதை நான் கணக்குல சேக்கல. அந்தப் பேரே நம்ம காயல்பட்டினத்துல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, அதனால பாசம் உண்டு, ஆனா சீல் காய்ஞ்சு கெடந்த பம்ப்பை மாட்டுனா மாட்டுன கூலி தண்டம். கதவு, கண்ணாடின்னா அங்க போங்க.

இப்ப நெசமான போட்டிக்கு வருவோம். வண்டிக் கம்பெனி அட்டையில வர்ற ஒரிஜினல் ஒரு பக்கம், ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனிங்க சொந்தப் பேர்ல விக்கிற மேக் இன்னொரு பக்கம். பெரும்பாலும் வண்டிக் கம்பெனி பம்ப்பை தானே செய்யறது இல்ல, வேற ஒருத்தர் செஞ்சு குடுக்காரு, அவரே தன் பேர்லயும் கடைக்கு விடுதாரு. டி.வி.எஸ் கம்பெனிய ஆரம்பிச்ச டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877ல பொறந்தது எங்களுக்குக் கூப்பிடு தூரத்துல இருக்க திருக்குறுங்குடியில, அந்தக் குடும்பத்து சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாம் வண்டிக் கம்பெனிகளுக்கு செஞ்சு குடுக்குது, மூடி 1990கள்லயே அமெரிக்கா ஜெனரல் மோட்டார்ஸுக்கு போச்சு. ஊர்ப் பாசத்துல சொல்லுதேன்னு நெனைக்காதீங்க, என் வண்டியில ஓடுறது அவங்க பம்ப்பும் இல்ல. கேட்ஸ், ஐசின், ஜி.எம்.பி.ன்னு வெளிநாட்டு மேக்குகளும் இருக்கு. உங்க வண்டிக்கு யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு தெரிஞ்சிக்க கழட்டுன பழைய பம்ப்போட பாடிய மண்ணெண்ணெய் போட்டு தொடச்சுப் பாருங்க, வார்ப்புலயே ஒரு முத்திரை இருக்கும். அதே முத்திரை கடையில வேற அட்டையில கெடைச்சா யோசிக்கவே வேண்டாம், அள்ளிட்டு வந்துருங்க.

ஒரிஜினலுக்கு சாதகம் அளவு. பெல்ட் ஓடுற புல்லியோட உயரம், இன்ஜினுக்கும் பம்ப்புக்கும் நடுவுல வைக்கிற பேக்கிங், போல்ட்டு ஓட்டை எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு உக்காரும். பாதகம் ரெண்டு. ஒண்ணு ஸ்டாக் இருக்காது, "நாளைக்கு வந்துரும்"னு மூணு நாள் சொல்லுவாவ, வாழைத்தாரு மூணு நாள் காத்திருக்குமா. இன்னொண்ணு போலி, ஒரிஜினல் அட்டைய அச்சடிக்கிறது பெரிய வித்தை இல்ல. வெளிக்கடையில ஒரிஜினல்னு சொல்லி அதிசயமா விலை குறைச்சு குடுத்தா அது பாதி நாள் அந்த மஞ்சள் அட்டை சரக்குதான், சட்டைய மாத்திக்கிட்டு வந்திருக்கும். பில் போட்டு வாங்குங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஸ்பேர் பார்ட்ஸ் ஜி.எஸ்.டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆயிட்டு, அதனால பில் இல்லாம வாங்குனா லாபம்ங்கிற பேச்சும் முன்ன மாதிரி இல்ல, பில் இல்லேன்னா வாரண்டியும் கெடையாது.

மேக்குல என்ன பாக்கணும்னா, கடையிலயே கவுண்டர் மேல வச்சு கையால சுத்துங்க. லேசா இறுக்கமா, வெண்ணெயில விரல் போற மாதிரி சுத்தணும், அது சீல் பிடிக்கிற இறுக்கம், நல்லது. விட்டா தானா சுத்திக்கிட்டே இருந்தா சீல் பிடிப்பு இல்ல, நறநறன்னா பேரிங் போச்சு. புல்லி மாட்டுற முனையைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுனா துளியும் ஆடக் கூடாது. இம்பெல்லர் பிளாஸ்டிக்கா இருந்தா உடனே மூஞ்சைத் திருப்பிறாதீங்க, நல்ல கம்பெனி போடுற பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, லேசா இருக்கதால பேரிங்குக்கும் பாரம் கம்மி. மட்டமான பிளாஸ்டிக்தான் சூட்டுல தளந்து தண்டுல வழுக்கும், வெளிய புல்லி சுத்தும் உள்ள இம்பெல்லர் நிக்கும், ஒரு சொட்டு கூட ஒழுகாம வண்டி கொதிக்கும், மெக்கானிக்கே தலைய சொறிவாரு.

நான் எதுக்கு கடைசியில மேக் பக்கம் சாஞ்சேன்னா சீல். சீல்ங்கிறது ரெண்டு வளையம் ஒண்ணு மேல ஒண்ணு உரசிக்கிட்டே சுத்துறது, ஒண்ணு கார்பன், இன்னொண்ணு பீங்கான், ஒசத்தி சரக்குல சிலிக்கான் கார்பைடு. ரெண்டுக்கும் நடுவுல முடி அளவு கூட இல்லாத தண்ணிப் படலம், அதுதான் அதுக்கு எண்ணெய். இந்த எடத்துலதான் நம்ம ஊரு வில்லன் வாரான். ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர் தண்ணிய ஒரு சட்டியில காய்ச்சிப் பாருங்க, அடியில வெள்ளையா ஒட்டும்லா, அந்த உப்புதான் அந்தப் படலத்துல உக்காந்து சீலை அரத்தால ராவுற மாதிரி ராவும். தாமிரபரணி தண்ணி தேவலைதான், அல்வாவுக்கு ருசி குடுக்கும், அதுக்காக ரேடியேட்டர்ல ஊத்தணும்னு இல்ல. கூலன்ட்டு பனிக்குத்தான, நம்ம ஊர்ல எங்க பனின்னு கேக்கவங்க இன்னும் இருக்காவ, அதுல துரு பிடிக்காம இருக்க மருந்து இருக்கு, பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரோட கலந்தா கொதிக்கிற சூடும் 107 டிகிரி பக்கம் போவுது, மூடி பிரஷர் பிடிச்சா அதுக்கும் மேல. நான் வாங்குன மேக்குல சீல் சிலிக்கான் கார்பைடுன்னு அட்டையிலயே போட்டிருந்துது, விலை ஒரிஜினலை விட கால்வாசி கம்மி. உப்புத் தண்ணி ஊர்ல ஓடுற வண்டிக்கு அந்த ஒரு வரி போதும்.

இன்ஜின் வால்வை ஓட்டுற டைமிங் பெல்ட்லயே பம்ப்பும் சுத்துற கார் வச்சிருக்கவங்க என் கணக்கைப் பாக்காதீங்க. அதுல பம்ப் விலைய விட பிரிச்சு மாட்டுற கூலிதான் பெருசு, பம்ப் இறுகிட்டா பெல்ட் அறுந்து பல இன்ஜின்ல வால்வு வளைஞ்சிரும். பெல்ட் மாத்தும்போதே ஒரிஜினலையோ முத்திரை பொருந்துற மேக்கையோ போட்டுருங்க, லோக்கல் பேச்சே வேண்டாம்.

இந்தத் தடவை மாட்டும்போது மெக்கானிக் அண்ணன் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். சிலிக்கான் பேஸ்ட்டை தோசைக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்தப் போனாரு, பிதுங்கி உள்ள போயி ரேடியேட்டரை அடைக்கும்ணேன்னு தடுத்தேன், பேக்கிங் மட்டும் போட்டோம். பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டப் போனாரு, அதையும் தளத்தச் சொன்னேன், அந்த இழுவை பூரா பேரிங்லதான் விழும். கூலன்ட் நெப்பி, ஏர் எடுத்து, அப்புறம்தான் சாவியப் போட்டோம், சீல் காய்ஞ்சபடி கொஞ்ச நேரம் சுத்துனாலும் அதோட கதை முடிஞ்சிரும். மொத நாள் பாடிக்கு அடியில இருக்க சின்ன ஓட்டையில ரெண்டு சொட்டு ஈரம் தெரிஞ்சுது, சீல் உக்காருற வரைக்கும் அப்படித்தான், மறுநாள் காய்ஞ்சிட்டு. சொட்டிக்கிட்டே இருந்தாதான் பயப்படணும், அந்த ஓட்டை இருக்கதே சீல்ல கசியிற தண்ணி பேரிங்குக்குள்ள போகாம வெளிய வரத்தான், சில பேரு அதை எம்-சீல் வச்சு அடைக்காவ, என்னத்த சொல்ல.

"வே, நீரே பட்டறை வச்சிரும்"னு அண்ணன் சிரிச்சாரு. ஒண்ணே முக்கா வருஷம் ஆச்சு, நேத்து கூட எஸ் வளைவுல லாரிக்குப் பின்னாடி கால் மணி நேரம் ஊந்தேன், முள்ளு பாதிக்குக் கீழதான் நின்னுது.